டரன்டுலா பெட்டிக்குள் ஈரம்: காற்றை விடுங்கள், மண்ணைப் பாருங்கள்

"ஹியூமிடிட்டி எத்தனை வீதம் வைக்க வேணும், அண்ணா?" டரன்டுலா எனும் பெரிய மயிர்ச் சிலந்தியை வளர்க்க வாங்கப்போகும் பொடியன்கள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான், பெட்டிக்குள் காற்றின் ஈரப்பதம். அடுத்தது, "அளக்க எந்த மீட்டர் நல்லது?" இரண்டுக்கும் ஒரே பதில்தான் சொல்வேன். மீட்டருக்கு ஒதுக்கிய காசில் ஒரு நல்ல தண்ணீர்த் தட்டும் ஒரு மூட்டை மண்ணும் வாங்குங்கள்.

நான் இருப்பது கனடாவில், கல்கரியில். வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் பூட்டுவதும் திருத்துவதும் தொழில். பகல் முழுவதும் மற்றவர்களின் பேஸ்மென்டில், அதாவது நிலக்கீழ் அறையில் நின்று வறண்ட காற்றைப் பற்றிக் கதைத்துவிட்டு, மாலையில் என் பேஸ்மென்டுக்கு வந்து சிலந்திப் பெட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன். ஈரப்பத மீட்டர் எனக்கு எதிரி இல்லை, வேலைப் பையில் எப்போதும் ஒன்று கிடக்கும். வீட்டுக் காற்றை அளக்க அது அருமையான கருவி. ஆனால் சிலந்தி வாழ்வது காற்றில் இல்லை, மண்ணில். இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் மிச்சமெல்லாம் கைப்பழக்கம்.

பராமரிப்புத் தாள்களில் "ஈரப்பதம் 75–80%" என்று போட்டிருக்கும். அந்த மாதிரி எண்கள் பெரும்பாலும் அந்த இனம் வாழும் நாட்டின் வானிலைத் தரவிலிருந்து எடுத்தவை. வானிலை நிலையத்துக் கருவி தரையிலிருந்து ஓராள் உயரத்தில், காற்றோட்டமான கூட்டுக்குள் தொங்குகிறது. சிலந்தி இருப்பதோ தரைக்குக் கீழே வளைக்குள், இல்லாவிட்டால் மரப்பொந்துக்குள். நம் ஊர்ப் பக்கமே பாருங்கள். 2012இல் அறிவியல் பெயர் பெற்ற போசிலோதீரியா ராஜேய் என்ற புலிமுகச் சிலந்தி இலங்கையின் வன்னியில், மாங்குளம் பக்கத்தில் கண்டெடுக்கப்பட்டது. வன்னி எப்படிக் காயும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஆனால் அந்தச் சிலந்தி ஒளிந்திருப்பது முதிய மரங்களின் பொந்துகளில். வெளியே அனல் காற்று வீசும்போதும் உள்ளே மரம் பிடித்து வைத்த ஈரம் இருக்கும். மாங்குளத்து வானிலை அட்டவணையை வைத்து அந்தப் பொந்தின் ஈரத்தைச் சொல்ல முடியாது.

சிலந்தியின் உடம்பைப் பற்றியும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். வளர்ந்த டரன்டுலாவின் தோலில் மெழுகுப் படலம் உண்டு. உள்ளே இருக்கும் நீர் எளிதில் ஆவியாகாதபடி அது காக்கிறது. கழிவைக்கூட நீர் அதிகம் செலவாகாத வெள்ளைக் குழம்பாகத்தான் வெளியேற்றும். நீர் இழப்பு நடக்கும் முக்கிய இடங்களில் ஒன்று வயிற்றின் அடியில் உள்ள நான்கு புத்தக நுரையீரல்கள், புத்தகத் தாள் மாதிரி அடுக்கடுக்காக இருக்கும் மூச்சு உறுப்புகள். காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி அது தாகம் தீர்ப்பதில்லை. தட்டில் வாயை வைத்துக் குடிக்கும், பூச்சியின் உடம்பிலுள்ள சாற்றிலிருந்தும் நீர் பெறும். கால்களை நீட்டுவதற்குத் தசை போதாது, உள்ளே இருக்கும் திரவ அழுத்தம் வேண்டும். உடம்பில் நீர் குறைந்தால் கால்கள் உள்ளே சுருளத் தொடங்குவது அதனால்தான்.

ஆகவே முதல் வேலை, எந்த இனமானாலும், எந்த வயதானாலும், குடிக்கத் தண்ணீர் வைப்பது. வளர்ந்த சிலந்திக்கு அதன் உடம்பு அகலத்துக்காவது தட்டு இருக்கட்டும். பூனைக் கிண்ணம், பீங்கான் கோப்பை, எதுவும் சரி. தட்டுக்குள் ஸ்பொஞ்ச் வைக்கும் பழைய வழக்கம் இன்னும் சில கடைகளில் நடக்கிறது. ஸ்பொஞ்ச் பாக்டீரியாவுக்குத்தான் வீடு. சிலந்தி மூழ்கிவிடும் என்று பயப்பட வேண்டாம், அது தண்ணீரில் மிதக்கும். குழாய்த் தண்ணீரே போதும். கல்கரித் தண்ணீர் கடினமானது, தட்டில் வெள்ளையாகப் படியும். வினாகிரி விட்டுத் தேய்த்து, நன்றாக அலசி வைத்துவிடுவேன்.

இனி, இனத்துக்கு இனம் என்ன வித்தியாசம்? என் அலமாரியில் இருப்பவற்றை வைத்தே சொல்கிறேன்.

சிலி ரோஸ், அதாவது கிராமொஸ்டோலா போர்ட்டெரி, காய்ந்த மண்ணில் இருக்க விரும்பும். தட்டு நிறையத் தண்ணீர், மற்றபடி மண் உலர்ந்தே கிடக்கலாம். மண்ணை நனைத்தால் சுவரில் ஏறித் தொங்கிக்கொண்டு இறங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும். அரிசோனாப் பாலைவனத்து அஃபொனோபெல்மா கல்கோடிஸும் இந்தக் கூட்டம்தான்.

மத்திய அமெரிக்கக் கர்லி ஹேர் இடைப்பட்டது. ஒரு மூலையில் மட்டும் ஈரம் இருந்தால் தனக்கு வேண்டிய இடத்தை அதுவே தேர்ந்துகொள்ளும். புதிதாகத் தொடங்குபவருக்கு நான் சொல்லும் இனமும் இதுதான். நம் ஈரக் கணக்குக் கொஞ்சம் பிசகினாலும் பொறுத்துக்கொள்ளும்.

மூன்றாவது, உண்மையில் ஈரம் வேண்டிய கூட்டம். தெரபோசா ஸ்டிர்மி, தெரபோசா ப்ளாண்டி போன்ற கயானாப் பக்கத்து ராட்சதர்கள், மியன்மார் தாய்லாந்துப் பக்கத்தில் ஆழமாக வளை தோண்டும் கோபால்ட் ப்ளூ, இப்படி. இவற்றின் மண் ஒருபோதும் முழுதாகக் காயக்கூடாது. தெரபோசாவின் மண் காய்ந்தால் தோலுரிப்பின்போது ஆள் போய்விடும் ஆபத்து உண்டு.

பிங்க் டோ எனும் அவிக்குலாரியாவைத் தனியாகச் சொல்ல வேண்டும். மழைக்காட்டு மரவாசி என்று கேட்டதும் ஆட்கள் பெட்டியை மூடி, காலையும் மாலையும் தண்ணீர் தெளித்துக் குளியலறையாக்கிவிடுகிறார்கள். அது வாழ்வது மரத்தில், காற்று ஓடும் இடத்தில். தேங்கிய ஈரக் காற்றில் திடீரென்று செத்துக் கிடக்கும். இதற்கென்று ஆங்கிலத்தில் நோய்ப்பெயர் மாதிரி ஒன்று வைத்து வளர்ப்போர் பேசிக்கொள்வார்கள். என்னைக் கேட்டால் அதில் பெரும்பகுதி நோயே இல்லை, காற்றோட்டம் இல்லாமை. பிங்க் டோவுக்கு நிறையத் துளைகள், ஒரு தண்ணீர்க் கோப்பை, பெரும்பாலும் காய்ந்த அடிமண், இது போதும்.

சரி, மண்ணுக்கு வருவோம். என் நேரத்தில் பாதி இங்கேதான் போகிறது.

கடையில் அழுத்திக் கட்டியாக விற்கும் தேங்காய்த் தும்புத்தூள் இலங்கையிலிருந்தோ பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்தோ வந்ததாகத்தான் பெரும்பாலும் இருக்கும். ஊரில் தும்பு ஆலைக்குப் பக்கத்தில் சும்மா குவிந்து கிடந்ததை நான் டொலர் கொடுத்து வாங்கி வந்ததைப் பார்த்து அம்மா தலையில் அடித்துக்கொண்டார். நல்ல பொருள்தான், தன் எடையைவிடப் பல மடங்கு நீர் பிடிக்கும், லேசில் உக்காது. ஆனால் தனியாகப் போட்டால் இங்கத்தைய குளிர்காலத்தில் மேலிருந்து சீக்கிரம் காய்ந்து பொலபொலத்துவிடும், வளை நிற்காது. அதனால் உரமோ பூச்சிமருந்தோ பெர்லைட்டோ கலக்காத மேல்மண்ணை இரண்டு பங்கும் தும்புத்தூளை ஒரு பங்கும் கலக்கிறேன். தெரபோசாவுக்கு மட்டும் அதில் வெர்மிகுலைட் எனும் கனிமத் துகள் கொஞ்சம் சேர்ப்பேன், நீரைப் பிடித்து வைத்து மெல்ல விடும். மேல்மண் மூட்டை வாங்கும்போது பின்பக்க எழுத்தைப் படியுங்கள். "தாவரங்களுக்குச் சத்தூட்டப்பட்டது" என்று எங்கேயாவது இருந்தால் திரும்ப வைத்துவிடுங்கள்.

கலக்கும்போது பதம் பார்க்க ஒரே வழி கை. பிட்டுக்குக் குழைத்த மா மாதிரி இருக்க வேண்டும். பிடித்தால் பிடிபடும், விரலால் தட்டினால் உதிரும். இறுக்கிப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வரலாம். ஒழுகினால் தண்ணீர் கூடிவிட்டது, ஒரு தட்டில் பரப்பி ஒருநாள் ஆற விடுங்கள்.

மண்ணை ஆழமாகப் போடுங்கள். ஆழம் கூடக் கூட ஈரம் நிலைத்து நிற்கும், ஆழமில்லாத மண் இரண்டு நாளில் காய்ந்துவிடும். தரையில் வாழும் இனங்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. மண் மட்டத்திலிருந்து மூடி வரைக்கும் உள்ள உயரம் சிலந்தியின் கால்விரிப்பைப் போல (கால்களை விரித்தால் ஒரு நுனியிலிருந்து எதிர் நுனிவரை உள்ள நீளம்) ஒன்றரை மடங்குக்கு மேல் போகக்கூடாது. கனத்த உடம்பு, உயரத்திலிருந்து விழுந்தால் வயிறு வெடித்துவிடும். ஆகவே மண் உயர்ந்தால் ஈரமும் நிற்கும், ஆபத்தும் குறையும்.

தண்ணீர் விடும் முறை: தெளிக்காதீர்கள், ஊற்றுங்கள். தெளித்தால் மேல் மண் மட்டும் நனையும், மீட்டர் ஒரு மணி நேரம் சந்தோஷமாக 85 காட்டும், பிறகு எல்லாம் ஆவியாகிப் போகும். அடிமண் காய்ந்தபடியே கிடக்கும், மேலே மட்டும் பூஞ்சணம் பிடிக்கும். சிலந்திக்கும் அந்தத் தூறல் பிடிக்காது, ஓடும், அல்லது முன்காலைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு நிற்கும்.

நான் செய்வது இப்படி. மண்ணைப் போடும்போதே ஒரு மூலையில் பிவிசி குழாய்த் துண்டு ஒன்றைச் செங்குத்தாக அடிவரை நட்டு விடுவேன், வாய் மண்ணுக்கு மேலே விரல் அளவு தெரியும். சிலந்தி உள்ளே இறங்கிச் சிக்கிக்கொள்ளாத அளவுக்குக் குழாய் ஒடுக்கமாக இருக்க வேண்டும். சின்னப் பெட்டிக்கு ஜூஸ் ஸ்ட்ரோ போதும். நீண்ட மூக்குள்ள போத்தலால் அதற்குள் தண்ணீர் விட்டால் நேராக அடிக்குப் போய் அங்கிருந்து மேல்நோக்கி ஊறும். குழாய் இல்லாவிட்டால் வளைக்கு எதிர்ப்பக்க மூலையில், சுவரோடு சேர்த்து மெதுவாக ஊற்றுங்கள். தண்ணீர்த் தட்டை வேண்டுமென்றே நிரம்பி வழியவிடுவதும் நல்ல வழிதான், நடுத்தர இனங்களுக்கு அதுவே போதும்.

எவ்வளவு ஊற்றுவது? பெட்டியின் சுவர் கண்ணாடியாகவோ தெளிந்த பிளாஸ்டிக்காகவோ இருப்பதன் முழுப் பயனும் இங்கேதான். ஈர மண் கறுத்துத் தெரியும், உலர்ந்த மண் வெளிறித் தெரியும். ஈரம் விரும்பும் இனத்துக்குக் கீழ் மூன்றில் இரண்டு பங்கு கறுத்திருக்கட்டும். நடுத்தர இனத்துக்குக் கீழ் மூன்றில் ஒரு பங்கு, அதுவும் ஒரு பக்கத்தில் மட்டும். எந்த இனமானாலும் மேற்பரப்பு உலர்ந்து வெளிறியே இருக்க வேண்டும். அடியில் தண்ணீர் குளமாகத் தேங்கி நின்றால் கூடிவிட்டது, அடுத்த முறை வரை பொறுங்கள். நான் கிழமை, திகதி பார்த்து ஊற்றுவதில்லை, கறுத்த மண்ணின் மேல் விளிம்பு, அந்தக் கறுப்புக் கோடு, இறங்கும்போதுதான் போத்தலை எடுப்பேன்.

தெரபோசாவின் பெட்டிக்குள் கை போகும்போதெல்லாம் கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். அது உதறிவிடும் முடி தோலில் பட்டால் நாட்கணக்கில் அரிக்கும், கண்ணில் பட்டால் ஆஸ்பத்திரிதான். முடி மண்ணிலும் கலந்திருக்கும் என்பதால் சிலந்தி எட்ட இருந்தாலும் இது பொருந்தும்.

காற்றோட்டத்தில் ஒரு சின்னக் கணக்கு. ஒரு பக்கச் சுவரில் மண்ணுக்குச் சற்று மேலேயும், எதிர்ச் சுவரில் உயரத்திலும் துளை போட்டால் காற்று குறுக்கே ஓடும். மூடியில் மட்டும் துளை என்றால் அடிக்காற்று நகராது. துளையின் அளவு சிலந்தியின் தலைமார்பு ஓட்டைவிடச் சிறியதாக இருக்க வேண்டும், அந்த ஓடு நுழைந்தால் முழு ஆளும் நுழைந்துவிடும். மீன்தொட்டியோடு வரும் கம்பிவலை மூடியைக் கழற்றி விடுங்கள். கால் நுனி நகம் அந்த வலையில் மாட்டிக்கொண்டு சிலந்தி தொங்கும். கல்கரிக் காற்றில் அந்த வலை வழியாக ஒரே நாளில் பாதி ஈரம் போய்விடும் என்பது அடுத்த பிரச்சினை. அளவாக வெட்டிய அக்ரிலிக் தகட்டில் துளை போட்டு அதன் இடத்தில் வைக்கலாம்.

சுவரில் காலையில் கொஞ்சம் பனித்துளி தெரிந்து மத்தியானத்துக்குள் மறைந்தால் பரவாயில்லை. நாள் முழுவதும் வழிந்துகொண்டே இருந்தால் துளை போதவில்லை.

இனி குளிர்காலம், இது என் தொழிலும்கூட. வெளியே −20 பாகை, உள்ளே 21. குளிர்ந்த காற்றில் நீராவி மிகக் குறைவு. அந்தக் காற்று உள்ளே வந்து சூடானதும் அதன் ஈரப்பதம் 5% அளவுக்கு விழும். சமையலும் குளியலும் நம் மூச்சும் சேர்ந்துதான் வீட்டின் ஈரப்பதத்தை 20 சொச்ச வீதத்துக்குத் தூக்குகின்றன. "அப்படியென்றால் ஃபர்னஸோடு பூட்டிய ஹியூமிடிஃபையரை, அந்த ஈரமூட்டியைக் கூட்டி வைத்தால் என்ன?" என்று கேட்பார்கள். கூட்டக்கூடாது. வெளியே −30 என்றால் வீட்டுக்குள் 15%, −18 என்றால் 25% என்பதுதான் நாங்கள் வாடிக்கையாளருக்குச் சொல்லும் கணக்கு. அதைத் தாண்டினால் ஜன்னலில் தண்ணீர் வழியும், சுவருக்குள் பூஞ்சணம் பிடிக்கும். சிலந்திக்காக வீட்டை உக்க விட முடியாது. ஈரத்தைப் பெட்டிக்குள்ளேயே வைத்துக்கொள்ள வேண்டியதுதான். நவம்பர் வந்ததும் ஈரம் விரும்பும் பெட்டிகளின் துளைகளில் ஏறக்குறையப் பாதியை டேப் ஒட்டி மூடுவேன், வசந்தத்தில் உரிப்பேன். நடுவில் மலைப்பக்கத்திலிருந்து சினூக் எனும் சூடான காற்று வந்தால் சில மணி நேரத்தில் வெளியே இருபது பாகை ஏறிவிடும். அதற்காக டேப்பை உரித்து ஒட்டிக்கொண்டிருக்க வேண்டாம். மண் ஆழமாக இருந்தால் உள்ளே அந்த மாற்றம் அவ்வளவாகத் தெரியாது.

சூடேற்றும் பாயைப் பெட்டிக்கு அடியில் வைக்காதீர்கள். சிலந்தி சூட்டிலிருந்து தப்பக் கீழே தோண்டும், கீழேதான் சூடு. மண்ணும் அடியிலிருந்து காய்ந்து வரும். மேலிருந்து அடிக்கும் விளக்கும் வேண்டாம், அது சிலந்தியையே காய வைத்துவிடும். ஆட்கள் சட்டையோடு வசதியாக இருக்கக்கூடிய அறை பெரும்பாலான டரன்டுலாக்களுக்கும் போதும். பேஸ்மென்ட் மிகக் குளிர்ந்தால் அறையையே தெர்மோஸ்டாட் உள்ள எண்ணெய் ஹீட்டரால் சூடாக்குங்கள். பெட்டிகளை ஃபர்னஸ் காற்று வரும் வாய்க்கு நேரே மட்டும் வைக்கக்கூடாது.

குஞ்சுகள் விஷயம் வேறு. விரல் நகம் அளவுள்ள குஞ்சுக்கு அந்த மெழுகுப் படலம் இன்னும் மெல்லியது, உடம்பளவோடு பார்த்தால் தோலின் பரப்பும் அதிகம். அதனால் பாலைவன இனமானாலும் குஞ்சின் மண்ணில் எப்போதும் கொஞ்சம் ஈரம் இருக்க வேண்டும். சின்ன மூடிக் கோப்பையில், சூடான ஊசியால் துளை போட்டு, மண்ணை முக்கால் பங்கு நிரப்பி, ஒரு ஓரத்தில் ஸ்பக்னம் பாசி ஒரு சிட்டிகை வைப்பேன். அந்தப் பாசியில் சொட்டு மருந்துக் குழாயால் தண்ணீர். இங்கே கறுப்புக் கோடு பார்ப்பது கஷ்டம், எனவே சமையலறைத் தராசு உதவும். சரியான ஈரத்தில் கோப்பையின் எடையை மூடியில் எழுதி ஒட்டுங்கள். அடுத்த தடவை எத்தனை கிராம் குறைந்திருக்கிறதோ அத்தனை மில்லிலீட்டர் விட்டால் சரியாகிவிடும். தராசைப் பேஸ்மென்டுக்குக் கொண்டுபோனால் வீட்டில் யாருக்கும் திரும்பச் சமையலறைக்கு அது வேண்டாம், புதிதாக ஒன்று வாங்கித் தர வேண்டியிருக்கும்.

மீட்டர் வைத்தே தீருவேன் என்பவர்களுக்கு: முள் ஓடும் மலிவு மீட்டர்கள் பத்து, பதினைந்து புள்ளி பிசகிக் காட்டுவது சாதாரணம். டிஜிட்டல் ஒன்று வாங்கி உப்பால் சோதியுங்கள். ஒரு போத்தல் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, கரையாமல் நனைந்து களியாகும் அளவுக்கு மட்டும் நீர்விட்டு, மீட்டரோடு ஒரு ஸிப் பையில் அடைத்து மறுநாள் பாருங்கள். அறை வெப்பநிலையில் அந்தப் பைக்குள் 75% இருக்கும், அது இயற்பியல். மீட்டர் 68 காட்டினால் இனி எப்போதும் ஏழு கூட்டிக்கொள்ளுங்கள். அப்புறம் அந்த மீட்டரை மூடியில் தொங்கவிடாமல் மண் மட்டத்தில், மறைவிடத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். அப்போதும் அது சொல்வதைக் குறிப்பாக எடுத்துக்கொண்டு கறுப்புக் கோட்டை நம்புங்கள்.

ஈரம் இருக்கும் இடத்துக்கு விருந்தாளிகள் வருவார்கள். தின்று போட்ட மிச்சத்தை மறுநாளே இடுக்கியால் எடுத்துவிட்டால் பூஞ்சணமும் சிற்றுண்ணியும் சின்ன ஈயும் பாதி வராது. ஈரப் பெட்டிகளில் ஸ்பிரிங்டெயில் எனும் வெள்ளைத் துள்ளுப் பூச்சிகளை விட்டு வைத்திருக்கிறேன். பூஞ்சணத்தைத் தின்றுகொண்டு தாமாகப் பெருகும், சிலந்தியைத் தொந்தரவு செய்யாது. மண் காய்ந்தால் இவை முதலில் காணாமல் போகும், அதுவும் ஒரு அறிகுறி.

தோலுரிப்பு நெருங்கினால் சாப்பாட்டை மறுக்கும், வயிற்றில் முடி உதிர்ந்த இடம் கறுத்துப் பளபளக்கும், சில இனங்கள் வளை வாயை அடைத்துவிடும். பழைய தோலுக்கும் புதிய தோலுக்கும் நடுவே சுரக்கும் திரவம்தான் கழற்ற உதவுகிறது, அது உடம்பு நீரிலிருந்து வர வேண்டும். அதனால் ஈரத்தை இந்தக் கட்டத்தில் சரிபார்க்க வேண்டும். தோலுரிக்க மல்லாக்கப் புரண்ட பிறகு எதுவும் செய்யாதீர்கள், தெளிப்பதும் வேண்டாம், நகர்த்துவதும் வேண்டாம். செத்துவிட்டது என்று நினைத்துத் தூக்கியவர்கள் உண்டு. சாகும் டரன்டுலா பெரும்பாலும் மல்லாக்கக் கிடப்பதில்லை, நின்ற நிலையில் கால்களை அடியில் மடக்கிக்கொள்ளும். உயிருள்ள பூச்சி உள்ளே இருந்தால் மட்டும் சத்தமில்லாமல் எடுத்துவிடுங்கள். முடிந்ததும் தட்டு நிறையத் தண்ணீர். சாப்பாடு, விஷப்பல் வெள்ளையிலிருந்து கறுப்பாகும் வரை வேண்டாம்.

கால்கள் சுருண்டு, வயிறு சுருங்கிக் கிடப்பதைக் கண்டால் நேரம் கடத்தாதீர்கள். ஆழமில்லாத தட்டில் கொஞ்சம் தண்ணீர் எடுத்து, தலைப்பக்கத்தை மட்டும், வாய் நீரில் படும்படி விளிம்பில் சாய்த்து வையுங்கள். வயிறு வெளியே இருக்க வேண்டும், நுரையீரல் அங்கேதான். இருட்டில் தனியே விடுங்கள். தாகத்தால் வந்தது என்றால் பெரும்பாலும் சில மணி நேரத்தில் கால் நீளும். ஈரக் கடதாசி நிரப்பிய சூடான மூடிய டப்பாவுக்குள் போடும் பழைய வைத்தியத்தை நான் செய்வதில்லை. அதற்கு வேண்டியது குடிநீர், புழுக்கம் இல்லை.

ஊருக்கோ கலியாணத்துக்கோ இரண்டு மூன்று கிழமை போவதென்றால் வளர்ந்தவற்றுக்குப் பெரிய கவலை இல்லை. பெரிய தட்டாக வைத்து நிரப்பி, ஈரப் பெட்டிகளுக்குக் குழாய் வழியாக விட்டு, வீட்டுச் சூட்டை ஒரேயடியாகக் குறைக்காமல் போங்கள். குஞ்சுகளுக்கு மட்டும் ஆள் வேண்டும். சாவி வாங்கிய அடுத்த வீட்டுக்காரரிடம் பெரிய பெட்டி எதையும் திறக்க வேண்டாம் என்று சொன்னேன். அப்படி ஒரு எண்ணமே தனக்கு இல்லை என்றார். டோர்ச் அடித்து, தட்டுகளில் தண்ணீர் தெரிகிறதா என்று வெளியே நின்று படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், போதும்.